பெயர் மட்டும் இருந்த வீடு

எங்கள் வாசல் இரும்புக் கதவில் ஒரு நீலத் தகடு இருக்கிறது. வீட்டு எண் 612/4. தினமும் காலையில் கஞ்சிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு ஈரத்துணியோடு போய் அந்தத் தகட்டைத் துடைப்பேன். பக்கத்திலேயே தண்டவாளம், ஒரே நாளில் புழுதி அப்பிக்கொள்ளும். என்னோடு சமையல் பார்க்கும் மனோப் இதைப் பார்த்து, நகைக்கடை போர்டுகூட இப்படி மின்னாது அக்கா என்று கேலி செய்வான். வாயை மூடிக்கொண்டு வெங்காயத்தை நறுக்குடா என்பேன்.

என் பெயர் லம்டுவன். இந்த வீட்டுக்கு நான்தான் தலைவி. வீடு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வாய்க்கால் ஓரத்தில் தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை, பின்னால் நாலு பாத்தி கீரை. நாற்பத்தொரு பேர் இருக்கிறோம். எல்லோரும் ஒரு காலத்தில் பாங்காக் ரயில் நிலைய வாசலிலும் பாலத்தடியிலும் அட்டை விரித்துப் படுத்தவர்கள். நான் நாலு வருஷம் படுத்தேன். மனோப் ஒன்பது வருஷம். அதில் அவனுக்குப் பெருமை வேறு.

எங்கள் நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் பதிவு ஆபீஸில் ஒரு நீலப் புத்தகம் கொடுப்பார்கள். அந்த வீட்டில் யார் யார் என்று அதில் பெயர் இருக்கும், முதல் பெயர் தலைவருடையது. பெயர் எந்த ஊர்ப் புத்தகத்தில் இருக்கிறதோ அந்த ஊரில்தான் வைத்தியம், அந்த ஊரில்தான் ஓட்டு, முதியோர் பணமும் அந்த ஊரில்தான். எந்தப் புத்தகத்திலும் இல்லாதவர்களை ஆபீஸிலேயே ஒரு பொதுப் பதிவேட்டில் போட்டு வைப்பார்கள். அதற்கு வாசலும் கிடையாது, கூரையும் கிடையாது. என் பெயர் ஆறு வருஷம் அதில் கிடந்தது. அம்மா செத்ததும் தம்பி வீட்டை விற்றான், விற்கும்போது என் பெயரையும் குப்பையோடு சேர்த்துக் கூட்டித் தள்ளிவிட்டான். அம்மாவிடம் நான் விட்டுவிட்டு வந்த மகளை அவள் அப்பன் வீட்டார் எங்கேயோ கூட்டிப் போய்விட்டார்கள். அப்போது அவளுக்கு நாலு வயது. இப்போது இருபத்தாறு.

அதனால் இந்தக் கொட்டகைக்குப் புத்தகம் வாங்கப் போனபோது, தலைவராக யார் பெயர் என்று ஆபீஸில் கேட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் போலீஸ் வருமோ கடன்காரன் வருவானோ என்று பின்வாங்கினார்கள். நான் முந்திக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எனக்குத் தனி வளை வேண்டாம், என் பெயர் எழுதிய ஒரு வளை இருந்தால் போதும்.

தெருவில் கிடப்பவர்களுக்கு உதவ ஆட்கள் இல்லாமல் இல்லை. பிறந்தநாள், திதி என்று வண்டி வண்டியாகச் சோற்றுப் பெட்டி வரும். எல்லாப் பெட்டியிலும் அதே துளசி போட்டு வதக்கிய கோழி. ஒரே சாயங்காலம் ஐந்து வண்டி, மழை பெய்தால் ஒன்றுகூட வராது. குறை சொல்லவில்லை, பசித்த வயிற்றுக்கு அது பெரிய புண்ணியம். ஆனால் பெட்டியைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர் யாரும் பெயரைக் கேட்டதில்லை. நாங்கள் காபி கொண்டுபோகிறோம். வாரத்தில் இரண்டு நாள் வெயில் தாழ்ந்ததும், தள்ளுவண்டியில் வெந்நீர்க் குடமும் காபிப்பொடியும் வைத்துக்கொண்டு நடப்போம். முதல் வாரம் காபி மட்டும்தான். இரண்டாவது வாரம் குடித்தவருக்குச் சர்க்கரை எத்தனை கரண்டி என்பது கேட்காமலே நமக்கு ஞாபகம் இருக்க வேண்டும். மூன்றாவது வாரம்தான் பெயர் கேட்கலாம். ஏன் இங்கே வந்தாய் என்று கேட்கவே கூடாது. இந்தச் சட்டத்தைப் படித்தவர்கள் யாரும் போடவில்லை, படுத்துக் கிடந்த நாங்கள் போட்டது.

தவின் அண்ணனை அப்படித்தான் பிடித்தோம். ரயில் நிலையத்தின் பக்கச் சுவரோரம் உட்கார்ந்திருப்பார். அறுபதைத் தாண்டிய ஆள். சட்டை பழசு, ஆனால் துவைத்தது. மூன்று கரண்டி சர்க்கரை. கோப்பையை நீட்டினால் காற்றைத் துழாவித்தான் வாங்குவார், இரண்டு கண்ணிலும் பால் ஊற்றின மாதிரி புரை. மூன்றாவது வாரம் பெயர் கேட்டேன். மூச்சு விடாமல் சொன்னார்: பெயர், வீட்டு எண் முப்பத்தொன்பது, எட்டாம் கிராமம், வட்டம், மாவட்டம், சீசக்கேட் மாகாணம். நானும் பிறந்த வடகிழக்குச் சீமை அது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெருவில் கிடக்கிற எவனும் விலாசம் சொல்ல மாட்டான்.

"அண்ணே, நான் பேரைத்தான் கேட்டேன்" என்றேன்.

"அதுவும் பேருதாம்மா" என்றார்.

மழைக்காலம் தொடங்கியதும் எங்களோடு வந்து சேர்ந்தார். மெல்ல மெல்லக் கதையும் வந்தது. அறுப்பு முடிந்ததும் கட்டட வேலைக்குப் பாங்காக் வருவாராம், ஏப்ரலில் சொங்க்ரானுக்கு, அதுதான் எங்கள் வருஷப் பிறப்பு, ஊருக்குத் திரும்புவாராம். மனைவி சாய்பினுக்கு ஒரு புதுப் பாவாடைத் துணி, வீட்டுக்கு ஏதாவது ஒரு சாமான். ஒரு வருஷம் விசிறி, இன்னொரு வருஷம் சோற்றுப் பானை. பிள்ளைகள் இல்லை, இரண்டே பேர். பதினாலு வருஷத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்தது. மேஸ்திரி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுக் காணாமல் போனான். அந்தச் சொங்க்ரானுக்குக் கையில் ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு எப்படிப் போவது, அடுத்த வருஷம் போகலாம் என்று இருந்துவிட்டார். அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று தள்ளித் தள்ளிப் பதினாலு ஆகிவிட்டது. இதைக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒரு பாவாடைத் துணிக்காக ஒரு மனுஷன் வாழ்க்கையைத் தொலைப்பானா? ஆனால் சொங்க்ரான் சமயத்தில் ரயில் ஏறுகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் கையும் சும்மா இருக்காது.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வலது கண்ணை உடனே அறுக்க வேண்டும், விட்டால் அது போய்விடும், இடது கண்ணைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். கவுண்டரில் உட்கார்ந்திருந்த பெண் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, இவருக்கு உரிமை சீசக்கேட்டில் அல்லவா இருக்கிறது, அங்கே போய்ப் பண்ணிக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் பெயரை இங்கே மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றாள். அவ்வளவுதானே என்று நினைத்தேன். எங்கள் புத்தகத்தில் என்னையும் சேர்த்து முப்பத்தேழு பேரை நானே ஏற்றியிருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்டால் அரை மணி நேர வேலை.

தவின் அண்ணன் முடியாது என்றார். ஊருக்காவது போ என்றால் அதற்கும் முடியாது. மூன்று வாரம் அவரோடு மல்லுக்கு நின்றேன். கஞ்சி ஊற்றும்போது திட்டினேன், துணி காயப்போடும்போது திட்டினேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிற ஆளை என்ன செய்ய? ஒரு நாள் கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தேன்.

"கண்ணு போயிடும்ணே. புரியுதா?"

"போனாப் போகட்டும். அந்தப் புத்தகத்துல என் பேரு இருக்கிற வரைக்கும் நான் வெளியூர் போயிருக்கேன். அங்கேருந்து எடுத்துட்டா நான் ஓடிப்போனவன்."

"பதினாலு வருஷமா எவன்ணே வெளியூர் போவான்? பேரு மட்டும் அங்க குடும்பம் நடத்துதாக்கும்."

கையால் தடவித் தடவிக் களை பிடுங்கினார். அதில் பாதி கீரை.

அவர் மனம் மாறியதற்கு என் வாய் காரணம் இல்லை. எங்கள் கொட்டகையில் சும்மா இருக்கும் ஆள் கிடையாது, எல்லோருக்கும் முறை உண்டு. காபி ஊற்றும் முறையை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு சாயங்காலம் பாலத்தடியில், கோப்பை எது கை எது என்று தெரியாமல், ஒரு கிழவரின் புறங்கையில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டார். கிழவர் பாவம், ஒன்றும் இல்லை ஒன்றும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தவின் அண்ணன் எங்கள் வாசலுக்கு வந்ததும், நாளைக்கு ஆபீஸுக்குப் போகலாம் என்றார்.

ஆபீஸில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவருடைய அட்டையைச் செருகிவிட்டுத் திரையைப் பார்த்தாள். என் மனசுக்குள் ஒரு பயம் இருந்தது. பதினாலு வருஷமாக ஆளைக் காணோம் என்றால் ஊரில் எவரும் பெயரை எடுத்துப் பொதுப் பதிவேட்டில் தள்ளியிருப்பார்கள். அதை இவர் இங்கே நின்று கேட்க வேண்டுமே, உடைந்து போய்விடுவாரே என்று நினைத்தேன்.

"வீட்டு எண் முப்பத்தொன்பது. நீங்கதானே வீட்டுத் தலைவர்?" என்றாள் அந்தப் பெண்.

"என்ன?" என்றார்.

அவள் திரும்பப் படித்தாள். தலைவர் தவின். குடியிருப்பவர் சாய்பின், மனைவி. வேறு யாரும் இல்லை. தலைவரே இடம் மாறினால் அங்கே வேறு தலைவர் போட வேண்டியிருக்கும், பரவாயில்லையா என்று கேட்டாள். தவின் அண்ணன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. வேண்டாம்மா, நான் வரேன் என்று எழுந்துவிட்டார்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. கண்ணைப் பற்றிய கவலை பாதி, வயிற்றெரிச்சல் பாதி. என்னைப் பெற்ற வீட்டில், என்னோடு பிறந்தவன், என்னைத் துடைத்துப் போட்டான். இந்த மனுஷனோ சொல்லாமல் கொள்ளாமல் பதினாலு வருஷம் தெருவில் கிடக்கிறார், இவருக்கு அங்கே தலைவர் நாற்காலியா? நாக்கு என் பேச்சைக் கேட்காமல் ஓடிவிட்டது.

"அதைப் போயிப் பாசம்னு நெனைக்காதீங்கண்ணே. பேரை எடுக்கணும்னா ஒரு நாள் வேலையை விட்டுட்டு ஆபீஸுல வந்து நிக்கணும். அதுக்குச் சோம்பப்பட்டு விட்டிருப்பா. அவ்வளவுதான்."

அவர் திரும்ப உட்கார்ந்து, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டார். அந்தப் பெண் விரலைப் பிடித்து இடம் காட்டினாள். போட்டார். நானும் போட்டேன். எங்கள் புத்தகத்தில் முப்பத்தெட்டாவது ஆளாக ஏறினார்.

அன்றிலிருந்து அவர் யாருக்கும் விலாசம் சொல்வதில்லை. காபி நடையில் புது ஆட்கள் பெயர் கேட்டால், தவின் என்பார், அதோடு நிறுத்திக்கொள்வார். சாப்பாடு குறைந்துவிட்டது. ஒரு நாள் எங்கள் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, தன் பெயர் இருக்கும் பக்கத்தை மனோப்பைப் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு மூடிக் கொடுத்துவிட்டார். எனக்கு நெஞ்சில் முள் தைத்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. திட்டுவதற்கு மட்டும் எங்கிருந்துதான் வருமோ.

ஆஸ்பத்திரியில் முறை வர இரண்டரை மாதம் ஆனது. வலது கண்ணை அறுத்து, மேலே பிளாஸ்டிக் மூடி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலை நான் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்று கையிலிருந்த தாளையும் எங்கள் தகட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபதை ஒட்டிய வயது. கஞ்சி போட்டுத் தேய்த்த பட்டுப் பாவாடை, உதட்டில் அப்போதுதான் பூசின சாயம். ஒரு கையில் மூங்கில் சோற்றுக்கூடை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு நீலப் புத்தகம்.

"லம்டுவன்ங்கிறது யாரு?" என்று எங்கள் சீமைப் பேச்சில் கேட்டாள்.

"நான்தான்."

என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். கை முழுக்கச் செதில். முன்பல் இரண்டு கிடையாது. ஏப்ரனில் நேற்றைய குழம்பு.

"இதுக்கா?" என்றாள், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு சட்டென்று கை கூப்பினாள். "சண்டை போட வரல. அவரு நல்லாருக்காரான்னு ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுறேன். நீங்க நல்லபடியா வச்சிருந்தீங்கன்னா, ஊருல போயி முத்திரையைக் குத்திக்கச் சொல்லிடுறேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டியபோதுதான் பொறி தட்டியது. முப்பத்தொன்பதாம் எண் வீடு. முதல் பக்கத்தில் தவின். இடம் மாறியவர் என்ற முத்திரை அதன்மேல் விழவே இல்லை. புத்தகத்தைக் கொண்டு வா, முத்திரை குத்த வேண்டும் என்று ஆபீஸில் கேட்டிருக்கிறார்கள். சாய்பின் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டாள்.

தேர்தல் வருகிறதாம். வாக்காளர் பட்டியலைக் கிராமத்துத் தலைவர் வீட்டுச் சாவடியில் ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் போய், முப்பத்தொன்பதுக்கு நேரே இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவது அவள் வழக்கம். இந்த முறை ஒன்றுதான் இருந்தது. ஆபீஸுக்கு ஓடியிருக்கிறாள். பாங்காக்கில் இந்த எண்ணுக்கு மாறிவிட்டார், அந்த வீட்டுத் தலைவி பெயர் லம்டுவன் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஆம்பளை, பெயரைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பெண் தலைவியாக இருக்கும் வீட்டில் வைத்தால் ஊர் என்ன சொல்லும்? அதையேதான் இவளும் நினைத்தாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு அவளை உள்ளே இழுத்துப் போனேன். வரிசையாகக் கிடந்த பாய்களைக் காட்டினேன். மனோப் எழுந்து நின்று மரியாதையாகக் கும்பிட்டு, இருபத்தெட்டு ஆம்பளைங்க இந்த அக்கா வீட்டுலதான் இருக்கோம், உங்களுக்கு யாரு வேணும் என்றான். அவன் வாயில் மண்ணைப் போட. எங்கள் புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் ஒவ்வொரு பெயராக விரலை ஓட்டி, முப்பத்தெட்டில் நிறுத்தினாள். இது என்ன வீடு என்று கேட்டாள். சொன்னேன். ரயில் நிலையச் சுவரையும் சொன்னேன், காலையும் கண்ணையும் சொன்னேன், வெறுங்கையையும் சொன்னேன்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவளும் தன் பக்கத்தைச் சொன்னாள். முதல் இரண்டு வருஷம் அவள் தேடாத இடம் இல்லை. போலீசுக்குப் போனால், பதிவு உன் வீட்டில்தான் இருக்கிறது, இங்கே வந்து கேட்கிறாயே என்பார்களாம். ஆபீஸுக்குப் போனால், எங்கள் கணக்குப்படி அவர் வீட்டில்தான் இருக்கிறார் என்பார்களாம். பெயரைப் பொதுப் பதிவேட்டுக்குத் தள்ளிவிடு, தலைவர் இடத்துக்கு நீ வந்துவிடு, வெள்ள நிவாரணம் வாங்கவும் மின்சாரம் மாற்றவும் சுலபமாக இருக்கும் என்று கிராமத்துத் தலைவர் வருஷா வருஷம் நச்சரித்தாராம். இவள் ஒவ்வொரு தடவையும், அவரு வேலைக்குப் போயிருக்காரு என்று சொல்லி அனுப்பினாளாம். கையெழுத்து வேண்டிய ஒவ்வொன்றுக்கும் பத்து நடை நடந்தாளாம். சோம்பலாம், சோம்பல். நான் சொன்ன சொல்லை என் வாயிலேயே திருப்பிப் போட்டு மெல்ல வேண்டும் போலிருந்தது.

இவள் எடுக்காமல் காத்தாள். அவர் மாற்றாமல் காத்தார். இரண்டு பேரும் விடாமல் பிடித்திருந்த அந்த ஒரு வரியால்தான் இவர் எங்கே இருக்கிறார் என்று பதினாலு வருஷம் எவருக்கும் தெரியாமல் போனது.

தவின் அண்ணன் பின்பக்கம் பாத்திக்கு அருகில் பலகையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் மூடி, மறு கண்ணில் புரை. சாய்பின் மூன்றடி தள்ளி நின்றுவிட்டாள். நான்தான் முதலில் பேச வேண்டியிருந்தது.

"அண்ணே, ஆபீஸுல வச்சு உங்ககிட்ட ஒரு பொய் சொன்னேன். சோம்பப்பட்டு விட்டிருப்பான்னு. எனக்கு வயித்தெரிச்சல், அதான் அப்படிச் சொன்னேன்."

"பரவால்ல லம்டுவன். நெசமா இருந்தாலும் என்ன பண்ண முடியும்" என்றார்.

சாய்பின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கூடையைத் திறந்து பிசின் அரிசிச் சோற்றில் ஒரு கவளம் எடுத்து விரலால் உருட்டினாள், ஊர்ப் புளித்த மீனில் தொட்டாள், அவர் உள்ளங்கையைப் பிரித்து வைத்தாள். அவர் அதை மூக்குக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு வீட்டிலும் மீன் புளிக்கிற வாசனை ஒவ்வொரு மாதிரி. எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

"சாய்பின்" என்றார். பிறகு, "வெறுங்கையோட இருக்கேன்" என்றார்.

"கை இருக்கில்ல" என்றாள் அவள். "சாப்பிடு."

நான் அங்கே நிற்கவில்லை. நின்றால் மரியாதை இல்லை என்பதோடு, மீனும் அப்படியே வெயிலில் கிடந்தது.

சாய்பின் மூன்று வாரம் எங்களோடு தங்கினாள். முறை போட்டுச் சமைத்தாள். எங்கள் காரம் பத்தாது என்று எல்லோரையும் இருமவைத்தாள். ஒரு சாயங்காலம் காபி வண்டியோடும் வந்தாள். ரயில் நிலையத்துப் பக்கச் சுவரில் அவர் இருந்த இடம் எது என்று கேட்டாள். காட்டினேன். அங்கே இப்போது வேறு ஒருவர் இருந்தார். அவருக்குச் சர்க்கரை எவ்வளவு வேண்டும் என்று கேட்டுத் தானே கலந்து கொடுத்தாள், பெயர் மட்டும் கேட்கவில்லை. ஏன் என்றேன். இன்னிக்கு மொத வாரம்தானே தங்கச்சி என்றாள்.

கண் மூடியை எடுத்த அன்றைக்குத் தவின் அண்ணன் அவளைப் பார்த்து முதலில் சொன்னது, முடி நரைச்சுட்டுதே என்பது. உன்னால்தான் என்றாள் அவள். இடது கண்ணை ஊரிலேயே பார்த்துக்கொள்வதாக முடிவானது. பெயர் போகிற இடத்துக்கு வைத்தியமும் போகும்.

ஆபீஸுக்கு மூவரும் போனோம். அதே சின்னப் பெண். எங்கள் புத்தகத்தில் முப்பத்தெட்டாவது வரியில் முத்திரை குத்தினாள். தலைவியாக நான் கையெழுத்துப் போட்டேன். பேனா கனமாக இருந்தது என்று சொன்னால் பொய், சந்தோஷமாகத்தான் போட்டேன். ரயிலுக்கு நேரமாகிறது என்று அவர்கள் இருவரும் வெளியே போய் நின்றார்கள். தவின் அண்ணன் கையில் அந்த மூங்கில் கூடை, அதற்குள் நாங்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கின பாவாடைத் துணி ஒன்று. வேண்டாம் என்று அவர் சொல்லி முடிக்கும் முன்னே மனோப் திணித்துவிட்டான்.

நான் கவுண்டரிலேயே நின்றேன். அந்தப் பெண், இன்னும் என்னம்மா என்றாள்.

"ஒண்ணுமில்ல. யாராவது என் பேரைச் சொல்லித் தேடி வந்தா இந்த விலாசத்தைக் கொடுப்பீங்களாம்மா?"

"சொந்தக்காரங்கன்னா கொடுப்போம்."

"மகளா இருந்தா?"

"மகள்னா கண்டிப்பா."

"இதுவரைக்கும் யாராச்சும் கேட்டிருக்காங்களான்னு அதுல தெரியுமா?"

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, அதெல்லாம் இதுல பதிவாகாதும்மா என்றாள். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் செருமினார்கள். நான் புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அவர்களை ரயில் ஏற்றிவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. நீலத் தகட்டில் புழுதி இல்லை, காலையில் துடைத்ததுதான். ஈரத்துணி கையில் இல்லாததால் சட்டை நுனியைப் பிடித்து இன்னொரு தடவை துடைத்தேன்.